மேசைமேல் ஒரு போர்க்களம்: சிறு டாங்கிகள் செய்வது எப்படி, எதற்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக வெளியிடப்படுகிறது.)



அறிவிப்புப் பலகையில் "டேங்க் பற்றிய பேச்சு" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று சிலர் வந்திருக்கிறீர்கள். அந்தத் தேதியைச் செயலாளர் சொல்வார். நான் பேச வந்தது ராணுவ டாங்கியும் பீரங்கியும். உள்ளங்கையில் அடங்குகிற அளவில் அவற்றைச் செய்து, பெயிண்ட் அடித்து, மேசைமேல் வைத்து, விதிமுறைப்படி போர் ஆடுகிற ஒரு பொழுதுபோக்கு.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. வாசிப்பறைக்கு அடுத்த அறையில் இருக்கிற டேபிள் டென்னிஸ் மேசையை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இந்த வேலைக்குத் தர முடியுமா என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஆர்வமாக இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் இருவர் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போரை விளையாட்டாகக் காட்ட வேண்டாம் என்பது அவர்கள் சொல்வது. நியாயமான கேள்விங்க. அதற்குப் பதில் சொல்லாமல் மேசையைக் கேட்பது முறையல்ல. முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

புதிய விளையாட்டல்ல

சதுரங்கம் என்றாலே நான்கு உறுப்பு என்றுதான் பொருள். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாற்படையைக் கட்டத்துக்குள் அடக்கியது நம் நாடு. ஐரோப்பாவில் 1812-ல் ராய்ஸ்விட்ஸ் என்பவர், மேடு பள்ளங்களோடு ஒரு மேசையைச் செய்து பிரஷ்ய மன்னருக்குக் காட்டினார். ராணுவ அதிகாரியான அவருடைய மகன் 1824-ல் அதை வரைபடம், பகடை, நடுவர் என்று ஒழுங்குபடுத்த, பிரஷ்ய ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகப் போட்டார். இன்று உலகம் முழுக்க நடக்கிற மேசைப் போர் விளையாட்டுக்கு அது ஒரு தொடக்கம்.

நமக்கும் இது தூரமில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் அங்கேதான் இருக்கிறது. முப்படை அதிகாரிகள் படிக்கிற பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி 1947 முதல் அங்கேதான் நடக்கிறது. ராணுவத்தில் 'சாண்ட் மாடல்' என்று ஒன்று உண்டு. மணலில் மலை, ஆறு, ரோடு எல்லாம் உருவாக்கி, சுற்றி நின்று திட்டத்தைப் பேசுவார்கள். நம் குடியிருப்பில் இருக்கிற முன்னாள் ராணுவத்தினரைக் கேளுங்கள், விவரமாகச் சொல்வார்கள்.

கணக்கில் தொடங்குவோம்

மாடல் என்றால் முதலில் விகிதம். 1/35, 1/72, 1/100 என்று பெட்டிமேல் போட்டிருக்கும். உண்மை வண்டியை அத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 1/35 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானின் டாமியா நிறுவனம் தன் ஆரம்ப கால டாங்கி மாடலை வடிவமைத்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்தார்கள். அடங்கிய அளவு 1/35 ஆக அமைந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின.

நம் ராணுவம் 1965-லும் 1971-லும் ஓட்டிய செஞ்சூரியன் டாங்கியை எடுத்துக்கொள்வோம். பீரங்கிக் குழலை விட்டுவிட்டால் நீளம் சுமார் 7.6 மீட்டர், அகலம் 3.4 மீட்டர், உயரம் 3 மீட்டர், எடை 51 டன். 1/35-ல் அது 22 செ.மீ. நீளம் வரும், ஷோகேஸுக்கு அழகு. 1/72-ல் 10.5 செ.மீ. 1/100-ல் 7.6 செ.மீ. மேசையில் இருபது வண்டி ஓட்ட வேண்டுமானால் 1/100 தான் வசதி.

பிள்ளைகளுக்குப் பிடித்த கணக்கு ஒன்று. நீளம் நூறில் ஒரு பங்கு ஆனால் எடையும் நூறில் ஒரு பங்கா? இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். 51 டன் டாங்கி 51 கிராம். ஒரு முட்டையின் எடை. கன அளவு பற்றி ஒரு பாடம் நடத்துவதைவிட, டாங்கியைக் கையில் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

பவுண்டரி ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை

பெட்டியைப் பிரித்தால் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பீளமேட்டில் பம்ப், மோட்டார், பவுண்டரி வேலை பார்த்தவர்களுக்கு இதைப் பார்த்தவுடனே புரிந்துவிடும். உருக்கிய இரும்பு அச்சுக்குள் ஓடுகிற வழிக்கு ரன்னர், பாகத்துக்குள் நுழைகிற வாய்க்கு கேட் என்பார்களே, அதேதான் இது. இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக். இரண்டு அச்சு சேருகிற இடத்தில் மெல்லிய கோடு விழும், சில இடத்தில் பிசிறு தள்ளும். காஸ்டிங்கைப் பிசிறெடுக்கிற ஃபெட்லிங் வேலையைத்தான் இங்கே சின்ன அரத்தையும் உப்புத்தாளையும் வைத்துச் செய்கிறோம்.

வரிசை இதுதான். சட்டத்தைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை போனால்தான் பெயிண்ட் பிடிக்கும். பாகத்தைக் கையால் திருகி எடுக்காதீர்கள். நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பசை போடுவதற்கு முன் பொருத்திப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்கு அதற்கென்று உள்ள பசைதான் நல்லது. அது மேற்பரப்பைக் கரைத்து இரண்டு பாகத்தையும் வெல்டிங் போல ஒன்றாக்கிவிடும். ஃபெவிக்விக் உலோகப் பாகத்துக்கும் ரெசின் பாகத்துக்கும் சரிவரும். டாங்கியின் தலைப்பகுதியை மட்டும் ஒட்ட வேண்டாம். அது சுற்ற வேண்டும். ஆட்டத்தில் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம்.

கொலு பொம்மைக்கு வர்ணம் அடித்தவர்களுக்கு

நம் குடியிருப்பில் பழைய கொலு பொம்மைகளுக்குப் புது வர்ணம் அடிக்கிற அம்மாக்கள் சிலர் இருக்கிறீர்கள். நீங்கள் இந்த வேலையில் எங்களைவிட ஒரு படி மேல். மெல்லிய பிரஷ், அசையாத மணிக்கட்டு, முதல் பூச்சு காயும்வரை பொறுமை. இவ்வளவுதான் தேவை.

முதல் பூச்சு பிரைமர். ஸ்ப்ரே டப்பா என்றால் மொட்டை மாடியில், காற்று அடங்கிய காலை நேரத்தில் அடியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்குத் தெரியாததல்ல. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஸ்ப்ரே பெயிண்ட் எந்த மூலைக்கு? அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசுவது உத்தமம்.

அடுத்து அடிநிறம். கேம்லின், ஃபெவிக்ரில் போன்ற அக்ரிலிக் பெயிண்டே போதும். டப்பாவில் இருக்கிற கெட்டியில் பூசினால் ஆணித் தலைகளும் விளிம்புகளும் மூழ்கிவிடும். தண்ணீர் கலந்து, மெல்லிசாக இரண்டு கோட். நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பொருளில் அடர் பச்சை கறுப்பாகத் தெரியும்.

காய்ந்ததும் கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓடவிடுங்கள். அது பள்ளங்களில் தேங்கி நிழல் கொடுக்கும். பிறகு அடிநிறத்தைவிட வெளுத்த நிறத்தை பிரஷ்ஷில் எடுத்து, பழைய துணியில் ஏறக்குறைய முழுக்கத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் லேசாகத் தேயுங்கள். மேடுகள் மட்டும் பளிச்சென்று எழும். இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

கடைசியில் சேறு. சலித்த மண், ஃபெவிகால், கொஞ்சம் பெயிண்ட். ஆனால் நம்ம ஊர்ச் செம்மண்ணை அப்படியே அப்பினால் பஞ்சாப் வயல் ஆகிவிடாது. அங்கே ஆற்று வண்டல், சாம்பல் கலந்த பழுப்பு. எந்த ஊர் மண்ணில் வண்டி நின்றது என்று தேடிப் பார்த்துத்தான் சேறு குழைக்க வேண்டியிருக்கிறது. அங்கேயிருந்துதான் வரலாறு ஆரம்பமாகிறது.

பீரங்கியும் அப்படித்தான். டாங்கியாவது மூடிய பெட்டி, ஆட்கள் வெளியே தெரிய மாட்டார்கள். 25 பவுண்டர் பீரங்கி செய்தால், அதைச் சுற்றி ஆறு பேரையும் செய்ய வேண்டும். குறி பார்ப்பவர், குண்டு திணிப்பவர், குண்டு எடுத்துக் கொடுப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒன்றரை செ.மீ. உயர உருவத்துக்கு முகமும் கையும் வரையும்போது, இது வெறும் இரும்பல்ல என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அசல் உத்தர்

இனி ஆட்டம். பிள்ளைகளோடு முதலில் ஆட நினைத்திருப்பது 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரண் பக்கம் நடந்த அசல் உத்தர் சண்டை.

பாகிஸ்தானின் 1-வது கவசப் டிவிஷன் கேம்கரணைக் கடந்து உள்ளே வருகிறது. கையில் அமெரிக்கப் பேட்டன் டாங்கிகள், 90 மி.மீ. பீரங்கி. நம் 4-வது மலைப்படை டிவிஷன் பின்வாங்கி, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி வளைந்து நிலை எடுக்கிறது. துணைக்கு பிரிகேடியர் தியோகராஜ் தலைமையிலான 2-வது தனிக் கவசப் பிரிகேட். அதில் செஞ்சூரியன், அதைவிடப் பழைய ஷெர்மன், எடை குறைந்த ஏ.எம்.எக்ஸ்-13 என மூன்று வகை டாங்கிகள். வயல்களில் தண்ணீரைத் திறந்து விட்டார்கள். சுற்றிலும் கரும்பு.

மேசையில் இதை அமைக்கும்போதுதான் அந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று புரியும். கரும்பு மூன்று மீட்டர் வளர்ந்திருந்தால் 1/100-ல் மூன்று செ.மீ. செஞ்சூரியனின் உயரமும் மூன்று மீட்டர். கரும்புக்குள் நின்றால் டாங்கியே தெரியாது. இந்தக் கரும்புத் தோட்டத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த பொருள், பொள்ளாச்சிப் பக்கத் தேங்காய் நார் மிதியடி. சதுரமாக வெட்டிப் பச்சை அடித்தால் அச்சு அசல் கரும்பு வயல். தண்ணீர் நிற்கிற வயலுக்குப் பழுப்பு அட்டைமேல் பளபளக்கிற வார்னிஷ் இரண்டு கோட்.

இன்னொரு கணக்கு. நம் டேபிள் டென்னிஸ் மேசை 2.74 மீட்டர் நீளம். 1/100-ல் அது வெறும் 274 மீட்டர் நிலம். டாங்கி 2,000 மீட்டர் தூரம் சுடுவதாக வைத்துக்கொண்டால், சரியான விகிதத்தில் எதிரி 20 மீட்டர் தள்ளி, கேட் வாட்ச்மேன் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால்தான் விதிகளில் தூரத்தை மட்டும் தனியாகச் சுருக்கியிருப்பார்கள். ஓர் அங்குலம் இத்தனை மீட்டர் என்று கொண்டு, டேப்பால் அளந்து, பகடை உருட்டிப் பார்ப்போம். தாயம் ஆடியவர்களுக்கு அது சிரமமில்லை.

ஆட்டத்தில் பேட்டன் பக்கம் உட்காருகிறவருக்கு நல்ல பீரங்கி இருக்கும், தூரம் அளக்கிற கருவி இருக்கும். ஆனால் தண்ணீர் வயலில் இறங்கினால் பகடை உருட்ட வேண்டும், சரியாக விழாவிட்டால் வண்டி சேற்றில் மாட்டும். கரும்புக்குள் தூரப் பார்வை கிடையாது. நெருங்கிய பிறகுதான் எதிரி தெரிவான், அப்போது தூரம் அளக்கிற கருவியால் பெரிய பயனில்லை. 1965-லும் நடந்தது இதுதான். 97 பாகிஸ்தான் டாங்கிகள் அழிந்தன அல்லது கைப்பற்றப்பட்டன என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. சேற்றில் சிக்கி, ஆட்கள் இறங்கிப் போனதால் முழுசாகவே பிடிபட்ட வண்டிகளும் அதில் உண்டு.

அந்தக் களத்தில்தான் 4-வது கிரனேடியர்ஸ் படையின் அவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பில்லாத பீரங்கியால் டாங்கிகளை எதிர்த்தார். உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், 32 வயது. அந்தப் பீரங்கி சுடும்போது வாயு பின்பக்கமாகப் பீறிட்டு வெளியேறும். அதனால் ஜீப் கவிழாது, ஆனால் புழுதி கிளம்பி இருக்கிற இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். சுட்டவுடன் இடம் மாற வேண்டும். மேசையில் அந்த ஜீப் இரண்டரை அங்குலம்கூட இருக்காது. கவசம் என்று எதுவும் கிடையாது. அதை ஒருமுறை நகர்த்திப் பார்த்தால், அவருக்கு இறப்புக்குப் பின் பரம்வீர் சக்ரா ஏன் கொடுத்தார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆட்சேபத்துக்கு என் பதில்

இப்போது அந்தப் பெற்றோரின் கேள்வி. போரை விளையாட்டாகக் காட்டலாமா?

பிள்ளைகள் ஏற்கெனவே செல்போனில் போர் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் "அவர்கள் அதையே செய்கிறார்கள், இதையும் செய்யட்டும்" என்று சொல்ல மாட்டேன், அது பதிலாகாது. செல்போனில் செத்தவர் அடுத்த நிமிடம் எழுந்து வந்துவிடுவார். மேசையில் ஒரு டாங்கியைச் செய்ய மூன்று வாரம் ஆகும். அது அடிபட்டு மேசையை விட்டு இறங்கும்போது செய்தவருக்கு வலிக்கும். அந்த வலியை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

வங்கியில் லெட்ஜர் எழுதியவன் என்பதால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மேசை ஓரத்தில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். செஞ்சூரியனிலும் எம்-48 பேட்டனிலும் நாலு நாலு பேர்: தலைவர், குறிபார்ப்பவர், குண்டு திணிப்பவர், ஓட்டுநர். ஒரு டாங்கி அடிபட்டால் ஆட்டம் நிற்கும். அந்த நாலு பேருக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டி, தப்பினாரா இல்லையா என்று நோட்டில் எழுத வேண்டும். எந்தப் பக்கத்து டாங்கியாக இருந்தாலும் ஒரே நோட்டு, ஒரே பத்தி. ஆட்டம் முடிந்ததும் முதலில் நோட்டை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் யார் ஜெயித்தார் என்று பேச்சு. நோட்டில் இருபது வரி வாசித்த பிறகு ஜெயித்தவர் கத்திக் கொண்டாடுவது அநேகமாக இருக்காது.

வெல்ஸும் தன் புத்தகத்தின் முடிவில் இந்த இடத்துக்குத்தான் வந்தார். சின்னப் போரை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரிய போர் எவ்வளவு தாறுமாறான காரியம் என்று விளங்கும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே, 1914-ல், முதல் உலகப் போர் மூண்டது. ஆக, பொம்மை டாங்கி போரைத் தடுக்கும் என்று நான் உறுதி கொடுக்கவில்லை. கணக்கு எழுதுகிற பழக்கத்தைக் கொடுக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. 1971 டிசம்பர் 16, பசந்தர் சண்டை. பூனா ஹார்ஸ் படையின் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலுக்கு 21 வயது. தீப்பற்றிய டாங்கியை விட்டு இறங்க மறுத்து, தொடர்ந்து சண்டையிட்டு இறந்தார். அவருடைய செஞ்சூரியனின் பெயர் 'ஃபமகுஸ்தா'. அந்த வண்டி இன்றும் மகாராஷ்டிராவின் அகில்யாநகரில் (முன்பு அகமத்நகர்), கவசப் படை மையத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதே ஊரில் டாங்கி அருங்காட்சியகமும் இருக்கிறது. நம் ஆவடியிலேயே, கனரக வாகனத் தொழிற்சாலையில், 1965 முதல் 105 மி.மீ. பீரங்கி கொண்ட விஜயந்தா டாங்கி தயாரானது. ஆவடி என்றால் ரயில் நிலையம் மட்டும்தான் நினைவுக்கு வருகிற பிள்ளைக்கு, ஒரு விஜயந்தாவைச் செய்யும்போது அது வேறு ஊராகத் தெரியும்.

நான் கேட்பது

மூன்று மாதச் சோதனைக்கு அனுமதி கொடுங்கள். நிபந்தனைகளை நானே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கூட இருக்க வேண்டும். கத்தி பெரியவர்கள் கையில் மட்டும். பசை, ஸ்ப்ரே எடுத்தால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆஸ்துமா இருப்பவர்கள் அன்று வேறு வேலை பார்க்கலாம். எந்தச் சண்டையை ஆடினாலும், முதலில் ஒரு பிள்ளை அதன் உண்மை வரலாற்றை ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் உட்காருகிறவரை ஏளனமாகப் பேசக் கூடாது, பேட்டனுக்குள் இருந்த நாலு பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். கணக்கு நோட்டு கட்டாயம். மூன்றாம் மாத முடிவில் ஆட்சேபம் கொடுத்த இருவரும் வந்து ஓர் ஆட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னால் மேசையை மடித்துவிடுகிறேன்.

'அசல் உத்தர்' என்ற ஊர்ப் பெயருக்கு, சரியான பதில் என்று சண்டைக்குப் பிறகு பொருள் சொன்னார்கள். வங்கிக்காரனுக்கு அசல் என்ற சொல்லைக் கேட்டாலே பின்னால் வருகிற வட்டியும் ஞாபகத்துக்கு வரும். போரில் அசலைக் கட்டியவர்கள் களத்திலேயே போய்விட்டார்கள். வட்டியை அவர்கள் வீட்டார்தான் காலமெல்லாம் கட்டுகிறார்கள். பிள்ளைகள் மேசையிலிருந்து இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் எனக்குப் போதும்.

உங்கள் கருத்தை இந்த மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஒப்புக்கொள்கிறவர்கள், வீட்டில் தேய்ந்துபோன தேங்காய் நார் மிதியடி, பழைய டூத்பிரஷ், தெர்மாகோல் அட்டை இருந்தால் தூக்கிப் போடாமல் வாசிப்பறை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். கரும்பு இன்னும் நாலு ஏக்கர் தேவைப்படுகிறது.